கூரைக்குக் கூரை

ஊரடங்கு நீண்டுகொண்டே போன மாதங்களில் அம்மா காலையும் மாலையும் கணினி முன் உட்கார்ந்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மயிலாப்பூரில், குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. பழைய அடுக்ககத்தில் முதல் மாடி. நான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வைஃபை அமைத்துக்கொடுப்பதுதான் எங்கள் தொழில். எங்காவது இணையம் நின்றுவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டில் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்று ஒரு குழந்தை வர்ணம் வாசித்துக்கொண்டிருக்கும்போது திரை உறைந்துவிட்டது. நான் ரௌட்டரின் பக்கத்தைக் கைபேசியில் திறந்து பார்த்தேன். எங்களுடையது அல்லாத ஒரு கைபேசி அதில் சேர்ந்திருந்தது.

"இது யாரோட போன்மா?"

"நம்ம இஸ்திரி வண்டிக்காரியோட பொண்ணோடது. பாஸ்வேர்டு நான்தான் குடுத்தேன். காலேஜ் கிளாஸாம். அவா ஆத்துல சிக்னலே வரலையாம். கீழ உக்காந்துண்டு கேக்கறது, பாவம்."

நான் இறங்கிப் போனேன். கேட்டுக்கு வெளியே, சுற்றுச்சுவருக்கும் ஒரு ஸ்கூட்டருக்கும் நடுவே இருந்த இடுக்கில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலைமேல் போட்டிருந்தாள். ஒரு காதில் மட்டும் இயர்போன். மறு காது தெருவைக் கவனித்துக்கொண்டிருந்தது, யாராவது விரட்ட வருகிறார்களா என்று. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். எதிர்ப்புறம் வண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நீ உக்காரு, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று எனக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிட்டாள்.

எங்கள் துணிகளை அவள் பல வருடங்களாகத் தேய்த்துத் தருகிறாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கணவர் இல்லை. ஒரே மகள். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு அதுவரை எதுவும் தெரியாது.

மறுநாள் இன்னும் இரண்டு பெண்கள் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், படியில் என்னை நிறுத்தினார்.

"உங்கம்மா நல்ல எண்ணத்துலதான் குடுத்திருக்கா. ஆனா நோய் பரவற நேரம். நாளைக்கு நாலு பேர் வருவா, அப்புறம் பத்து பேர் வருவா. நீங்களே சொல்லுங்கோ."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று மாலையே வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் சுவரோரம் யாரும் இல்லை.

நான் இஸ்திரி வண்டிக்குப் போனேன். "அக்கா, உங்க வீடு எங்க?" என்று கேட்டேன்.

"ஆத்தோரம்தான்மா. பாலத்துக்குக் கீழ."

"அங்க சுத்தமா சிக்னல் இல்லையா?"

"கொஞ்சம் கீது. தகரத்துக்குள்ள போனா ஓடிப்பூடும். பாலத்து மேல ஏறி நின்னா நல்லா கெடைக்கும். அங்க போலீஸ்காரரு நிக்கவுட மாட்றாரு. டேட்டா போட்டாலும் ஒரு கிளாஸுக்கே தீந்துபூடுது. இன்னா பண்றது சொல்லு."

நான் அடையாற்றுப் பாலத்தின் மீது எத்தனையோ முறை ஸ்கூட்டரில் போயிருக்கிறேன். கீழே தகரக் கூரைகள் தெரியும். வாடை வரும்போது மூக்கை மூடிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகக் கீழே இறங்கினேன்.

இரண்டு ஆள் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள். ஆனால் வாசலெல்லாம் கழுவிக் கோலம் போட்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். இஸ்திரிக்கார அக்காவின் வீட்டுக்குப் பக்கத்தில் அவள் தம்பி வீடு. அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த வரிசையிலேயே அவர் வீடுதான் மாடி எடுத்துக் கட்டிய ஒரே வீடு. மாடியில் நின்றால் ஆற்றுக்கு அப்பால் பிரதான சாலையில் ஒரு டியூஷன் சென்டரின் மொட்டைமாடி நேராகத் தெரிந்தது. நடுவில் மரமோ கட்டடமோ எதுவும் இல்லை. என் தொழில் செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு காட்சி கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்க்காத கிராமங்களில், ஊர்க்காரர்களே சேர்ந்து கூரைக்குக் கூரை வைஃபை பெட்டி வைத்து இணையத்தைப் பங்கிட்டுக்கொள்வது உண்டு. வேலை விஷயமாக ஒரு மலைக்கிராமத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். ஏதாவது ஓர் இடத்தில் நல்ல இணைப்பு வேண்டும். அங்கிருந்து ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டிக்குத் தரும், அது அடுத்ததற்குத் தரும். ஒன்று கெட்டாலும் மற்றவை வேறு வழியில் சுற்றிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். எங்கள் அலுவலகத்தின் பின்னறையில், வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று கழற்றிக் கொடுத்த பழைய பெட்டிகள் குவிந்து கிடந்தன. முதலாளியிடம் கேட்டேன். "இடம் காலியானா சரி" என்றார். டியூஷன் சென்டர் நடத்தியவர், மூடிக் கிடக்கும் கட்டடத்தில் இணைப்பு சும்மாதானே இருக்கிறது என்று சாவியைக் கொடுத்துவிட்டார். எல்லாம் இவ்வளவு சுலபமாக நடந்தது எனக்கே நம்ப முடியவில்லை.

ஆற்றோரத்தில்தான் சுலபமாக இல்லை. தண்ணீர்க் குழாயடியில் கூடியவர்களிடம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரத் தம்பி பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கேமரா கீதா?"

"இல்லைங்க. இது சிக்னல் தர்ற பெட்டி."

"கேமரா இல்லன்னு நீ சொல்ற. போன தபா ஒருத்தரு வந்தாரு. உங்களாட்டமே மரியாதையா பேசுனாரு. கக்கூஸ் கட்டித் தரோம்னு சொல்லி ஒவ்வொரு வூடா எண்ணிக்கினு போனாரு. அப்பால இன்னா வந்துச்சி தெரியுமா? காலி பண்ணுன்னு நோட்டீசு வந்துச்சி."

நான் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே ஒரு பச்சைப் பலகையும் இரண்டு கம்பிகளும்தான். அது கைமாறிக் கைமாறிக் கூட்டத்தைச் சுற்றி வந்தது. ஒரு பெரியவர் இடி இழுக்குமா என்று கேட்டார். இன்னொருவர் இதற்குப் போய் இத்தனை பேச்சா என்றார். கடைசியில் இஸ்திரிக்கார அக்காதான் தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"உன் வூட்டு மாடிலதான் ஃபர்ஸ்ட்டு வைக்கணுமாம். கேமராவா இருந்தா உன் மூஞ்சிதான் அதுல வரும். வெச்சிட்டுப் போட்டும், வுடு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

அந்த மாதம் ஞாயிறு தோறும் அங்கேதான் இருந்தேன். தகரக் கூரைமேல் நான் ஏறினால் உடையும் என்று ஆட்டோக்காரத் தம்பியே ஏறினார். கீழே நின்று நான் கையால் திசை காட்டுவேன். மழைக்குப் பெட்டி நனையாமல் இருக்க மசாலா சாமான் வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துக் கட்டினோம். அடிக்கடி கரண்டு போகும் என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சின்ன பேட்டரி. காகங்கள் கேபிளைக் கொத்தி இழுத்தன. ஒரு வீட்டில் டப்பாவைப் பார்த்த மாமியார், மருமகள் தன் டப்பாவைத் திருடிவிட்டாள் என்று சண்டை பிடித்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் அந்த வீட்டை ஊரார் சொல்கிற பெயரையே வைத்தேன். மீன்காரம்மா வீடு, மாவுக்கடை, அம்மன் கோயில் சந்து, ஆட்டோ வீடு என்று என் கைபேசித் திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும்.

கடைசிப் பெட்டியும் பச்சையானபோது இஸ்திரிக்கார அக்காவின் மகள் தன் வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து வகுப்பு கேட்டாள். வீட்டுக்குள் உட்கார்ந்து வகுப்பு கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அவள் அம்மா வாசலில் நின்று போகிற வருகிறவர்களையெல்லாம், "சத்தம் போடாதீங்க, கிளாஸ் நடக்குது" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். இளவட்டங்கள் படம் இறக்கியதில் பகல் முழுக்க வேகம் செத்துப்போகும். குழாயடியில் பஞ்சாயத்து நடக்கும். பள்ளி, கல்லூரி நேரத்தில் படம் பார்க்கக் கூடாது என்று அவர்களே ஒரு விதி போட்டார்கள். அதை மீறியவர்கள் வீட்டுப் பெட்டியை ஆட்டோக்காரத் தம்பி ஒருநாள் அணைத்துவைப்பார். மீன்காரம்மா ஓமனில் இருக்கும் மகனைத் தினமும் கூப்பிட்டு அவன் சாப்பிடும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஊரடங்கு முடிந்து பள்ளிகள் திறந்த பிறகும் அவர்கள் அதைக் கழற்றவில்லை. டியூஷன் சென்டருக்கு மாதாமாதம் தெருவே சேர்ந்து கட்டிவிடும். நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, யாராவது ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவேன். பல விஷயங்களில் கையாலாகாதவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஓர் எண்ணம் உண்டு. அந்த ஒரு வருடம் மட்டும் அது கொஞ்சம் குறைந்திருந்தது.

ஒருநாள் ஆற்றோரத்து வீட்டுக் கதவுகளில் சிவப்புப் பெயிண்டில் எண்கள் எழுதப்பட்டிருந்தன.

ஆறு பெருகினால் ஆபத்து, ஆகவே எல்லோரையும் நகரத்துக்கு வெளியே கட்டியிருக்கும் குடியிருப்புகளுக்கு மாற்றப்போகிறோம் என்று எண் எழுத வந்த அரசு ஆட்கள் சொல்லியிருந்தார்கள். வெள்ளம் வந்ததும் உண்மைதான். வருடா வருடம் அவர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள்தான். ஆனால் யாரும் போகத் தயாராக இல்லை. வேலை இங்கே, பள்ளி இங்கே.

நான் போனதும் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டார்கள். இஸ்திரிக்கார அக்கா, "நீ கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லுமா, எங்கள எப்ப தூக்கப்போறாங்க" என்றாள்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல தெரியாதுக்கா."

"உனக்குத் தெரியாதா? இத்தினி பெட்டி வெச்ச."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிக் கேட்டாள். எண் எழுதியவர்களின் அரசு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்றேன். அக்காவும் அவள் தம்பியும் நானும் போனோம். காத்திருக்கச் சொன்னார்கள். மத்தியானம் தாண்டியும் காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்ட அதிகாரி களைத்துப்போனவர் போலிருந்தார். அக்கா பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு? வக்கீலா?"

"இல்ல சார்."

"ஏதாவது அமைப்பா?"

"இல்ல சார். நான் அங்க வைஃபை போட்டுக் குடுத்தேன்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. "வைஃபை" என்று ஒரு முறை திருப்பிச் சொன்னார். "அங்கயும் போட்டுக்கலாம் மேடம். அங்க ஒவ்வொரு வீட்டுக்கும் தனி பாத்ரூம் இருக்கு, கரண்டு இருக்கு. நீங்க படிச்சவங்க, நீங்களே எடுத்துச் சொல்லுங்க."

வெளியே வந்து மூன்று பேரும் டீக்கடையில் நின்றோம். ஆட்டோக்காரத் தம்பி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "உன்ன எங்களுக்கு எடுத்து சொல்லச் சொல்றாங்க. நீ எங்களுக்காக அவங்களாண்ட சொல்றதுக்குதானே இட்டாந்தோம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வுடு, டீயக் குடி" என்றார்.

ஒரு வக்கீலையும் பார்த்தோம். அவர் முயற்சி செய்வதாகச் சொன்னார். ஆனால் அதற்குள்ளேயே அந்த நாள் வந்துவிட்டது.

அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். காலைச் சிற்றுண்டியை முடிக்கவில்லை. அக்காவின் மகளிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அக்கா, இடிக்கிற வண்டி வந்துருச்சி. போலீஸெல்லாம் வந்துட்டாங்க." பின்னணியில் யாரோ கத்துவது கேட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாலத்துக்கு முன்பே தடுப்பு வைத்திருந்தார்கள். ஒரு பெண் காவலர் என்னை நிறுத்தினார்.

"உள்ள யார் இருக்காங்க உங்களுக்கு?"

"தெரிஞ்சவங்க."

"சொந்தமா?"

இல்லை என்றேன். "அப்ப ஓரமா நில்லுங்க. சொந்தக்காரங்களையே விடல" என்றார்.

தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து எதுவும் தெரியவில்லை. கீழே புழுதி எழுவதும் இயந்திரத்தின் ஓசையும் மட்டும். அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தம்பியும் எடுக்கவில்லை. கைபேசியில், பெட்டிகளின் புள்ளிகளை வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தைத் திறந்தேன். பச்சைப் புள்ளிகள் எல்லாம் இருந்தன. காலையிலேயே மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். ஆனாலும் பேட்டரியில் அவை ஓடிக்கொண்டிருந்தன.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாவுக்கடை சிவப்பானது.

வழக்கமாக ஒரு புள்ளி சிவப்பானால் என் மனம் உடனே வேலை செய்யும். கேபிளா, பேட்டரியா, மழையா என்று யோசிப்பேன். ஆட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டு மேலே ஏறிப் பார்க்கச் சொல்வேன். அன்றும் ஒரு நொடி மனம் அப்படித்தான் போனது. பிறகுதான் புரிந்தது. மாவுக்கடையைத் தொடர்ந்து அதற்குப் பக்கத்து வீடு. அப்புறம் அம்மன் கோயில் சந்து. இயந்திரம் ஆற்றின் கிழக்குப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்பதை அந்தத் திரையைப் பார்த்தே என்னால் சொல்ல முடிந்தது. எந்த வீடு இருக்கிறது, எந்த வீடு இல்லை என்பது தடுப்பருகே நின்ற அத்தனை பேரிலும் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு எனக்கு எதுவும் இல்லை.

பக்கத்தில் ஒரு நடுவயதுப் பெண் அழுதுகொண்டிருந்தாள். வேலைக்குப் போன இடத்திலிருந்து ஓடி வந்தவள். அவளையும் உள்ளே விடவில்லை. என் திரையைப் பார்த்து, "இன்னாமா அது?" என்றாள். நான் சொன்னேன். "மீன்காரம்மா வூடு இருக்குதா? அதுக்கு அடுத்தது எங்க வூடு" என்றாள். மீன்காரம்மா வீடு அப்போது பச்சையாக இருந்தது. "இருக்கு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அந்தப் புள்ளியையே பார்த்தபடி நின்றோம். அதுவும் சிவப்பானது. அவளே கையை விட்டுவிட்டாள்.

ஆட்டோ வீடு வெகுநேரம் பச்சையாகவே இருந்தது. மாடி வீடு என்பதால் கடைசியில் விட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. சுற்றிலும் எந்தப் பெட்டியும் இல்லாமல் அது மட்டும் ஆற்றைத் தாண்டி டியூஷன் சென்டரோடு பேசிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் போயிற்று. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே திரும்பினேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

புதிய குடியிருப்புக்கு நான் போனது இரண்டு வாரம் கழித்து. திருவான்மியூரிலிருந்து பஸ். கொட்டிவாக்கம், அதற்கப்பால் எத்தனையோ நிறுத்தங்கள், பிறகு உள்ளே திரும்பி, வெறும் பொட்டல். அதில் ஒரே மாதிரியான அடுக்குமாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நின்றன. குலுக்கல் போட்டு வீடு கொடுத்திருந்தார்கள். குழாயடியில் ஒன்றாகப் பஞ்சாயத்துப் பேசியவர்கள் வேறு வேறு கட்டடங்களில், வேறு வேறு மாடிகளில் இருந்தார்கள். ஆட்டோக்காரத் தம்பிக்கு அந்தக் குடியிருப்பிலேயே இடம் இல்லை என்று நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு குடியிருப்பில் கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடமாக அடுத்தடுத்த வீட்டில் இருந்த அக்காவும் தம்பியும் இனி இரண்டு பஸ் மாறித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கா நான்காவது மாடியில் இருந்தாள். வீடு சின்னது, ஆனால் சுத்தமாக வைத்திருந்தாள். கட்டில் இல்லை. லாரியில் ஏற்றும்போது உடைந்துவிட்டதாம். பீரோவின் கதவு இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு சிமெண்டுச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். பிரித்துப் பார்த்தேன். மூன்று பெட்டிகள், அவற்றின் பேட்டரிகள், சுருட்டிக் கட்டிய கேபிள். அவள் வீட்டுடையதும் அக்கம்பக்கத்து வீடுகளுடையதும்.

"மிஷின் எங்க வரிசைக்கு வர்றதுக்குள்ள தம்பிய ஏத்திவுட்டு கழட்டினேன். உன் பொருளாச்சே. அதான் பத்திரமா எடுத்தாந்தேன்."

கட்டிலையும் பீரோவையும் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அவள் இதைச் செய்திருக்கிறாள். "இதெல்லாம் பழசுக்கா, தூக்கிப் போடற சாமான்" என்று சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் முகம் சற்று மாறியது. "அப்டியா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பெட்டிகளை வைத்து அங்கேயும் முயன்று பார்த்தோம். மொட்டைமாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். அனுமதி கேட்ட இடத்தில் சாவி வைத்திருப்பவரைக் கேளுங்கள் என்றார்கள். சரி, ஜன்னலுக்கு ஜன்னல் வைக்கலாம் என்று பார்த்தால் கான்கிரீட் சுவர் சிக்னலை விழுங்கிவிட்டது. தகரக் கூரைகள் அடுத்தடுத்து இருந்த இடத்தில் அவ்வளவு எளிதாகத் தாவிய ஒன்று இங்கே அறையைத் தாண்டவில்லை. ஒருவழியாக, சிம் போட்ட ஒரு மோடத்தை வைத்து அக்காவின் ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்தில் ஒரு வீட்டு ஜன்னல்வரை கொண்டுபோனோம். எதிர் வீட்டில் இருந்தவர்கள் கூவம் கரையிலிருந்து வந்தவர்கள். யாரையும் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரமே, அந்தப் பகுதியில் கேபிள் தொழில் செய்கிறவர் இரண்டு பேரோடு வந்தார். சத்தம் போடவில்லை. "இது நம்ம ஏரியா மேடம். கனெக்‌ஷன் வேணும்னா நம்ம கிட்ட வாங்கிக்கட்டும். நீங்க தனியா பஸ்ல வந்துட்டுப் போறீங்க, எதுக்கு உங்களுக்கு இந்த வேலை?" என்று அக்கறையாகச் சொல்வதுபோலச் சொன்னார். எதிர் வீட்டார் அன்றே பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள்.

"வுட்டுடுமா" என்றாள் அக்கா. "இங்க ஜன்னலாண்ட நின்னா போன் கெடைக்குது. அது போதும். சிக்னலா இப்ப எங்களுக்குக் கஷ்டம்?"

அவள் சொன்னது சரிதான். அவர்களுக்கு இப்போது வேண்டியது வேறு. மகளுடைய கல்லூரி அடையாறு பகுதியில். முதல் வகுப்புக்குப் போய்ச் சேர அவள் இருட்டோடு கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் வரும் பஸ் ஒன்றே ஒன்று. அதுவும் சில நாள் வராது. அக்காவின் வண்டி மயிலாப்பூரில், எங்கள் தெருவில் நின்றது. அவள் வந்து சேருவதற்குள் பத்துப் பதினொரு மணி ஆகிவிடும். சட்டையைக் காலையில் கேட்கிறவர்கள் அதற்குள் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அம்மா மட்டும், "அவ வர்றப்போ வரட்டும், நேக்கு என்ன அவசரம்" என்று துணிகளைச் சேர்த்துவைத்திருப்பாள். ஒரு வீட்டுத் துணி எத்தனை நாளைக்குப் போதும்? சில மாதங்களில் வாரம் மூன்று நாள் என்று ஆனது, அப்புறம் இரண்டு நாள். பிறகு ஒருநாள் வண்டியை விற்றுவிட்டதாகச் சொன்னாள். அந்தப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் பெருக்கும் வேலை கிடைத்திருந்தது.

மகள் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். யாரும் அவளை நிறுத்தவில்லை. வருகைப் பதிவு குறைந்தது, தேர்வெழுத முடியவில்லை, அடுத்த வருடம் எழுதலாம் என்றார்கள், அடுத்த வருடம் வந்தபோது அவள் ஒரு கிடங்கில் பார்சல் கட்டும் வேலையில் இருந்தாள்.

போன மாதம் அவர்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தது. அம்மா கட்டிலில் சாய்ந்தபடியே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "படிப்ப விட்டுட்டியாமே, ஏண்டி?" என்று கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டு, "எழுதிடுவேன் மாமி" என்றாள். சாயங்காலம் திருவான்மியூர் பஸ் நிலையம்வரை நானும் ஆட்டோவில் அவர்களோடு போனேன்.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போது அந்தப் பெண் கேட்டாள். "அக்கா, உங்க ஆபீஸ்ல எனக்கு எதாச்சும் வேலை இருக்குமா? எதுனா பரவால்ல."

அவள் கேட்பதற்கு முன்பே நான் முதலாளியிடம் கேட்டிருந்தேன். ஒருமுறை அல்ல. ஆள் எடுப்பதாக இல்லை என்றார். அப்புறம், அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற பெண் நேரத்துக்கு வர முடியாதே என்றும் சொன்னார்.

"கேட்டேன்மா. இப்ப இல்லைன்னுட்டார்."

"பரவால்லக்கா" என்றாள் உடனே, நான் வருத்தப்படக் கூடாது என்பதுபோல. அவள் அம்மா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. நிற்கும் முன்பே கூட்டம் அதைச் சூழ்ந்துவிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய பழங்களும் புடவையும் இருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு இருவரும் முண்டியடித்து ஏறினார்கள். அக்கா உள்ளே போய்விட்டாள். மகளுக்குப் படியில்தான் இடம் கிடைத்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினேன். அக்கா எந்த ஜன்னலில் என்று தெரியவில்லை. பஸ் நகர்ந்தது. யாரோ ஒரு ஆள் ஜன்னல் வழியே கையை நீட்டி, "யாருக்கும்மா?" என்றார். "நாலாவது மாடி அக்காவுக்கு" என்று சொல்ல வந்து, அது அவருக்கு என்ன புரியும் என்று நிறுத்தி, படியில் நின்ற பெண்ணைக் கையால் காட்டினேன். அவர் பையை வாங்கிக்கொண்டார். அவர் எந்தப் பக்கம் திரும்பினார், அதைக் கொடுத்தாரா என்பது கூட்டத்தில் தெரியவில்லை. பஸ் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் திரும்பிவிட்டது.